வேப்பமரக் கப்பல் டஹிட்டி போன கதை

கொல்லிமலையில் படகு பார்க்க வேண்டுமானால் வாசலூர்பட்டிப் படகு இல்லத்துக்குத்தான் போக வேண்டும். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தவர்கள் அந்தச் சிறிய ஏரியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவார்கள். கடலுக்கும் இந்த மலைக்கும் வேறு எந்தத் தொடர்பும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் மலையில்லாமல் மரக்கலம் இல்லை. மரம் மலையிலிருந்தும் வந்தது. மரத்துக்கும் மரத்துக்கும் இடையே நீர் புகாமல் அடைக்கும் பிசினும் மலையிலிருந்து வந்தது.

இங்குள்ள சோலைக்காடுகளில் கருங்குங்கிலிய மரம் உண்டு. பட்டையைக் கீறினால் பிசின் கசிந்து, காற்றுப் பட்டதும் கருத்து இறுகிவிடும். அதைத் தணலில் போட்டுப் புகை காட்டுவதும், நாட்டு மருந்தில் சேர்ப்பதும் நமக்குத் தெரியும். குங்கிலியத்துக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. அதைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சினால் பாகாகத் திரளும். கப்பலின் பலகைச் சந்துகளில் பஞ்சையோ கயிற்று நாரையோ திணித்து அடித்து, மேலே அந்தப் பாகைப் பூசினால் நீர் புகாது. இந்த வேலைக்குக் கடற்கரையில் கலப்பத்து என்று பெயர். கரையில் கட்டிய கலங்களுக்குக் காட்டுப் பிசின்தான் காவல்.

அப்படிக் கட்டிய ஒரு கலத்தின் கதையைச் சொல்லப்போகிறேன். சரக்கேற்றப் பிறந்து, ஓர் அமெரிக்கரின் உல்லாசக் கப்பலாக மாறி, இரண்டு பெருங்கடல்களைத் தாண்டி, மூன்றாவதின் நடுவில் இருக்கும் டஹிட்டியில் போய் நின்ற கலம் அது. ஊர் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை. பெயர் அன்னபூரணி.

வல்வெட்டித்துறை சின்ன ஊர். ஆழமான துறைமுகம் இல்லை, தொழிற்சாலை இல்லை. இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதிவரை அங்கே கட்டிய பாய்க்கப்பல்கள் நாகப்பட்டினம், காக்கிநாடா, ரங்கூன் என்று வங்கக் கடலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் அந்தக் கப்பல்களில்தான் வந்தன. கப்பல் கட்டும் மேத்திரிமாரும், அதை ஓட்டும் தண்டையல்களும், அதில் முதல் போட்ட வணிகர்களும் ஒரே ஊரில், ஒரே தெருவில்கூட இருந்தார்கள். கட்டியவன் கண்ணெதிரே கப்பல் போய்த் திரும்பியது; எங்கே கசிந்தது, எந்தக் காற்றில் சாய்ந்தது என்று ஓட்டியவனே வந்து சொன்னான். அடுத்த கப்பலில் அந்தக் குறை இருக்காது. இதைவிடச் சிறந்த கப்பல் கட்டும் பள்ளி ஒன்று உலகில் இருந்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்னபூரணி 1930இல் கடலில் இறங்கியது. வேப்பமரத்தால் கட்டிய இரண்டு பாய்மரக் கப்பல். நீளம் 89 அடி, அகலம் 19 அடி. இன்றைய கணக்கில் இரண்டு நகரப் பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதல். மேத்திரிமார் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டு கட்டுகிறவர்கள் அல்லர். கப்பலின் அடிமரமான ஏராவின் நீளம் முடிவானால் மற்ற அளவுகள் அதிலிருந்து கணக்காக வந்துவிடும். கப்பலின் விலா எலும்புகளான வளைந்த வங்குக் கால்களுக்கு வளைந்து வளர்ந்த கிளைகளையே தேடி வெட்டுவார்கள். நேரான கட்டையை வளைவாக இழைத்தால் ரேகை அறுந்து, அலையடியில் அங்கேதான் முறியும். வேம்பு அப்படி வளைந்த கிளைகளைத் தாராளமாகத் தரும் மரம். யாழ்ப்பாணத்து வறண்ட மண்ணில் அது வயிரம் பாய்ந்து வளரும். அதன் கசப்புப் பூச்சிக்கு ஆகாது என்பது வேப்பங்கொட்டையைத் தானியத்தில் போட்டு வைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

இனி வாங்கியவர். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1928இல் ஸ்வாப் என்ற முப்பத்திரண்டரை அடிப் படகில் கிளம்பி, 1931இல் உலகைச் சுற்றி முடித்தார். அதுவரை உலகைச் சுற்றிய படகுகளில் அதுவே மிகச் சிறியது என்று பேசப்பட்டது. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் நன்றாக விற்றது. மீண்டும் கிளம்பி, 1934இல் கலாபகஸ் தீவுகளில் இருக்கும்போது குடல்வால் வெடித்துச் சாகக் கிடந்தார். அமெரிக்கக் கடற்படையும் விமானங்களும் வந்து உயிரை மீட்டன. உயிர் மிஞ்சியது, ஸ்வாப் கைவிட்டுப் போனது. கடலோடிக்குக் கப்பல் இல்லாமல் இருக்க முடியாது. அடுத்த கப்பலைத் தேடி அவர் மாசசூசெட்ஸின் பெயர் பெற்ற கட்டுத்துறைகளுக்குப் போயிருக்கலாம், பணத்துக்கும் குறைவில்லை. அவர் மனைவி ஃப்ளோரன்ஸ், குழாய், கழிப்பறைச் சாதனங்கள் செய்து பெரும் செல்வம் ஈட்டிய கிரேன் குடும்பத்தின் மகள். இருந்தும் அவர் இலங்கைக்கு வந்து, பல வருடம் சரக்குச் சுமந்த ஒரு வேப்பமரக் கப்பலை வாங்கினார். அதன் உடலமைப்பில் அவர் எதைக் கண்டார் என்பதைக் கடல் தெரிந்தவர்கள் ஊகிக்கலாம். வங்கக் கடலின் கார்த்திகை, மார்கழிப் புயல்களைப் பார்த்துப் பழகிய கலத்துக்கு வேறு நற்சான்று தேவையில்லை.

கப்பலைச் செப்பனிட்டு, உள்ளே வசதிகள் செய்து, மனைவியின் பெயரை வைத்தார். அன்னபூரணி, ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன் ஆனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய கப்பலை வாங்கி, தானே பழுது பார்த்து, உள்ளே அறைகளும் மெத்தைகளும் போட்டுக் குடியேறுவது மேலைநாடுகளில் பலருக்கும் கனவு. அதற்கென்று பத்திரிகைகளும் பயிற்சிகளும் இருக்கின்றன. நம்மில் காசு உள்ளவர்களும் இப்போது கொச்சியிலும் கோவாவிலும் பழைய மோட்டார் படகுகளைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் முதலில் கேட்பது என்ன நிறம், என்ன துணி, எத்தனை படுக்கை என்பதைத்தான். மரக்கலத்தில் அந்தக் கேள்விகள் கடைசியில் வர வேண்டியவை.

முதலில் கலத்தைக் கரையேற்றி ஏராவிலிருந்து பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல கட்டை கணீரென்று பதில் சொல்லும், உளுத்த கட்டை மொத்தென்று ஒலிக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் கூர்மையான ஊசியைக் குத்திப் பார்க்க வேண்டும். கப்பல் புழுவை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். குஞ்சாக இருக்கும்போது குண்டூசித் துளை வழியே நுழைந்து உள்ளேயே வளர்ந்து மரத்தைச் சல்லடையாக்கும். மேல்பரப்பு மட்டும் முழுசாக நிற்கும். இதற்காகத்தான் நம் கரையில் சில மாதங்களுக்கு ஒருமுறை கலத்தைச் சாய்த்து, அடிப்பலகையைச் சுரண்டி, சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துப் பூசினார்கள். ஆணியையும் பார்க்க வேண்டும். இரும்பாணி துருப்பிடித்தால் தான் மட்டும் கெடாது, சுற்றியுள்ள மரத்தையும் கருக்கி மாவாக்கும். புது ஆணியை அதே துளையில் அடித்தால் நிற்காது.

கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும் ஒன்று உண்டு. மரக்கலத்தை அழுகவைப்பது கடல் அல்ல, மழை. உப்புநீரில் ஊறிய மரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. மேல்தளத்தின் விரிசல் வழியே இறங்கும் மழைநீர், காற்றோட்டமில்லாத மூலையில் தங்கி, ஒரு பருவத்துக்குள் பலகையைக் கடற்பஞ்சாக்கிவிடும். சரக்குக் கப்பலின் வயிறு திறந்த இடம். அரிசி மூட்டை இறங்கியதும் வங்குகளுக்கிடையே காற்று ஓடும், எந்த மூலையும் கண்ணுக்குத் தெரியும். அதே வயிற்றில் அறை கட்டிப் பக்கமெல்லாம் வழவழப்பான பலகை அடித்து மூடினால் பார்க்க அழகு. மூடிய பலகைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அலங்காரம் செய்து கொன்ற கப்பல்கள், புயலில் போன கப்பல்களுக்குக் குறைவில்லை என்றே நினைக்கிறேன். அறை கட்டுங்கள், ஆனால் கழற்றக்கூடிய பலகையில் கட்டுங்கள், மேலும் கீழும் காற்றுக்கு வழி விடுங்கள். இதைத்தான் வேலை தெரிந்த எந்த ஆசாரியும் சொல்வார்.

எடையும் அப்படித்தான். சரக்குக்காகக் கட்டிய கலம் சரக்கோடுதான் ஒழுங்காக நிற்கும். மூட்டைகளை எடுத்துவிட்டுக் கட்டிலும் மேசையும் போட்டால் கலம் மேலெழும்பி, சின்னக் காற்றுக்கே ஆடும். எடுத்த எடைக்கு ஈடாக ஏராவுக்கு அருகே கல்லோ இரும்போ வைத்தாக வேண்டும், அதுவும் நகராதபடி. கலப்பத்தில் பஞ்சை அளவோடு அடிக்க வேண்டும். காய்ந்து கிடக்கும் பலகை தண்ணீரில் இறங்கியதும் உப்பும். கரையில் இருக்கும்போதே சந்தை இறுக அடைத்துவிட்டால், உப்பும் மரத்துக்குப் போக இடமில்லாமல் பலகை வங்கைவிட்டுப் பிதுங்கும். எவ்வளவு அடிப்பது என்பதைப் புத்தகம் சொல்லாது. உளியின் தலையில் விழும் சுத்தியலின் ஓசையில் அது இருக்கிறது.

ராபின்சன் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் சேர்த்த வசதிகள் அல்ல. கப்பலோடு அந்த ஊர் ஆட்களையும் கேட்டு வாங்கினார். அமெரிக்காவரை கப்பலைக் கொண்டுபோனவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழர்கள். தண்டையலும் மாலுமிகளுமாக ஐந்து பேர். பாயை இழுத்துக் கட்டுவதும், வழியில் கசிந்தால் கலப்பத்து அடிப்பதும் அவர்களுக்குப் பிறந்த வீட்டு வேலை. வேறு யாரை ஏற்றியிருந்தாலும் இந்தக் கப்பலின் உடம்பைப் படிக்கவே ஓராண்டு போயிருக்கும்.

1937இல் பயணம் தொடங்கியது. கொழும்பு, ஏடன், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடலில் கிரீட், பிறகு ஜிப்ரால்டர். அங்கிருந்து அட்லாண்டிக். பெர்முடாவில் நின்று, 1938 ஆகஸ்ட் முதல் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைக்குள் நுழைந்தது. நீராவிக் கப்பல்கள் சில வாரங்களில் முடிக்கும் தூரம். பாய்க்கப்பலுக்கு ஓர் ஆண்டுக்கு மேல். சென்ற வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செங்கடலின் வடபாதியில் காற்று பெரும்பாலும் எதிரே வடக்கிலிருந்து வீசும். இயந்திரப் பலம் கொண்ட கப்பல்களே அங்கே முனகும். வங்கக் கடலில் பருவக்காற்றைக் கணக்கிட்டு ஓடிப் பழகியவர்கள், பருவமே வேறாக இருக்கும் கடல்களில், குளிரைப் பொறுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

குளோஸ்டர் சும்மா ஒரு ஊர் அல்ல. அமெரிக்காவின் மிகப் பழைய மீன்பிடித் துறை. மரத்தால் கட்டிய மீன்பிடிக் கப்பல்களை முந்நூறு ஆண்டுகளாகக் கையாளும் ஊர். அங்கே வந்து நின்றால் பாராட்டும் எளிதில் கிடைக்காது, ஏமாற்றவும் முடியாது. யாழ்ப்பாணத்துக் கப்பலைப் பார்க்க அந்த ஊர்க் கூட்டம் திரண்டது. பாஸ்டன் நாளிதழ்கள் தமிழ் மாலுமிகளைப் பற்றி எழுதின.

ஐவரும் ஊர் திரும்பினார்கள். கப்பல் அங்கே நின்றது. அதன் வாழ்க்கையில் அடுத்து வந்தவர், நம் வாசகர்கள் பலர் திரையில் பார்த்த ஒரு முகம். ஸ்டெர்லிங் ஹேடன். ‘தி காட்ஃபாதர்’ படத்தில் உணவகத்தில் சுடப்பட்டு விழும் போலீஸ் அதிகாரி. ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்தில் அணுகுண்டுப் போரைத் தொடங்கிவைக்கும் தளபதி. நடிகராவதற்கு முன் அவர் மாலுமி. பதின்பருவத்திலேயே படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவர்; யாங்கி என்ற கப்பலில் உலகைச் சுற்றியவர். 1938இல், 22 வயதில், வாழ்க்கையில் முதன்முறையாகக் கேப்டன் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அந்தக் கப்பல் ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன், நம் அன்னபூரணி. குளோஸ்டரிலிருந்து பனாமா கால்வாய் வழியே டஹிட்டிவரை, 7,700 மைல். சூயஸைத் தாண்டிய வேப்பமரம் இப்போது பனாமாவையும் தாண்டியது. எட்டு ஆண்டுகளுக்கு முன் வல்வெட்டித்துறை மணலில் நிமிர்த்திய ஏரா பசிபிக்கின் நடுவே போய்ச் சேர்ந்தது.

இரண்டு ஆண்டுகளில் ஹேடனைப் பாரமவுண்ட் நிறுவனம் ஒப்பந்தம் செய்து, திரையுலகின் மிக அழகான ஆண்மகன் என்று விளம்பரப்படுத்தியது. அவர் மனம் அதில் ஒட்டவில்லை. 1959இல், நீதிமன்றத் தடையையும் மீறி, தம் நான்கு பிள்ளைகளை ஒரு பழைய பாய்க்கப்பலில் ஏற்றிக்கொண்டு மீண்டும் டஹிட்டிக்கே ஓடினார். 1963இல் அவர் எழுதிய தன்வரலாற்றுக்கு அந்தக் கப்பலின் பெயரான ‘வாண்டரர்’ என்பதையே வைத்தார். ராபின்சனும் 1942இல் வருவா என்ற எழுபதடிப் பாய்க்கப்பலைத் தம் சொந்தத் துறையில் கட்டி, போர் முடிந்ததும் டஹிட்டியில் குடியேறினார்; அங்கே யானைக்கால் நோயை ஒழிக்கும் ஆராய்ச்சிக்கு உதவினார். கப்பலை வாங்கியவர், கப்பலை ஓட்டியவர், கப்பல் மூன்றுமே ஒரே தீவைச் சேர்ந்தது தற்செயலா என்று தெரியவில்லை. தற்செயல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

தமிழர்கள் அன்னபூரணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அட்லாண்டிக்கைக் கடந்த பெருமையைப் பேசுகிறார்கள். பெருமைதான். ஆனால் அந்தக் கப்பலைக் கடக்கவைத்த அறிவு எங்கே என்று கேட்பதில்லை. பிரித்தானிய ஆட்சி போய் இந்தியாவும் இலங்கையும் தனித்தனி நாடுகளானதும் சுங்கமும் குடியேற்றச் சட்டமும் பாக்கு நீரிணையை எல்லையாக்கின. ரங்கூன் வணிகம் போருக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. வல்வெட்டித்துறையில் பெரிய பாய்க்கப்பல் கட்டுவது நின்றுபோனது. சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி 1920இல் ஒரு நூல் எழுதினார். நம் கலங்களின் முன்பக்கமான அணியத்தில் கண் எழுதும் வழக்கம்வரை உட்கார்ந்து குறித்து வைத்தவர் அவர். அந்த அக்கறையோடு நம்மவர் அப்போது எழுதி வைத்திருந்தால், இன்று ஒரு அன்னபூரணியை அளவு பிசகாமல் திரும்பக் கட்ட முடியும்.

முழுக்க அழிந்துவிடவில்லை. தூத்துக்குடியில் மரத் தோணிகள் இன்றும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்கின்றன. பாயோடு ஓடியவற்றில் பின்னாளில் இயந்திரம் பொருத்தினார்கள். அது எளிதான மாற்றம் அல்ல. பின்தலையில் விசிறித் தண்டுக்குத் துளை போட வேண்டும். இயந்திரத்தின் அதிர்வு ஆணிகளைத் தளர்த்தும், சந்துகளைத் திறக்கும். அதைத் தாங்கும்படி உள்ளே கட்டைகளைப் பலப்படுத்தியவர்கள் அந்தத் தோணி ஆசாரிகளே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தோணிகள் ஓடுவதில்லை. அப்போதுதான் கலப்பத்தும் பலகை மாற்றலும் நடக்கும். பழைய கலத்தைப் புதுப்பிக்கும் கலையைப் பார்க்க விரும்புகிறவர் வெளிநாடு போகத் தேவையில்லை, அந்த மாதங்களில் தூத்துக்குடி போனால் போதும்.

தமிழ்நாட்டில் கடல்சார் பொறியியல் சொல்லித்தரும் கல்லூரிகள் இருக்கின்றன. அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: ஒரு தோணியையாவது ஏராவிலிருந்து பாய்மர நுனிவரை அளந்து வரையுங்கள். வங்குக்கு எந்த மரம், எந்த வளைவு, சந்துக்கு எவ்வளவு பஞ்சு என்று ஆசாரியின் வாயால் சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். அவர் பெயரையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதுங்கள். வல்வெட்டித்துறைக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஊரில் யார் வீட்டிலாவது பழைய கணக்குப் புத்தகம், உளி, நிழற்படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். எங்கள் மலையில் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பிசின் அதிகம் வர வேண்டுமென்று கருங்குங்கிலிய மரத்தின் அடியில் தீ மூட்டுவதை நிறுத்த வேண்டும். தீப்பட்ட மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். கீறிப் பிசின் எடுத்த மரம் தலைமுறை தாண்டியும் நிற்கும்.